‘எலோ’ சுருக்கெழுத்து இல்லை, ஒரு மனிதரின் பெயர்: உங்கள் கேம் ரேங்குக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் பேராசிரியர்

நேற்று ராத்திரி ஒரு ரேங்க் மேட்ச்சில் ஜெயித்தீர்கள். 12 புள்ளி ஏறியது. அடுத்த மேட்ச்சில் தோற்றீர்கள். 18 புள்ளி இறங்கியது. ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றால் கணக்கு சமமாகத்தானே வரணும்? கேம் நம்மை ஏமாத்துதா என்று கோபம் வருவது இயல்பு.

ஏமாத்தலை. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. அதை உருவாக்கியவர் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, கேம் டெவலப்பரும் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் பாடம் நடத்திய ஒரு பேராசிரியர். பெயர் அர்பாட் எலோ. 1992ல் இறந்துபோனார். கேமர்கள் பலர் ‘எலோ’ என்பதை ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று நினைத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். அது அவருடைய குடும்பப் பெயர்.

இன்று செஸ், கால்பந்து, ஈ-ஸ்போர்ட்ஸ் என்று பல இடங்களில் யார் பெரிய போட்டிக்குப் போவது, யார் வீட்டில் உட்காருவது என்பதை அவர் வழிவந்த கணக்குகள் முடிவு செய்கின்றன. யார் இவர்? என்ன கண்டுபிடித்தார்? ஐந்து பேர் சேர்ந்து ஆடும் அணிக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

யார் இந்த அர்பாட் எலோ?

1903 ஆகஸ்ட் 25 அன்று, அப்போதைய ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்த ஒரு சின்ன ஹங்கேரிய கிராமத்தில் பிறந்தார். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். அதன்படி அவர் முழுப்பெயர் எலோ அர்பாட் இம்ரே. ‘எலோ’ என்ற சொல்லுக்கு அந்த மொழியில் உயிரோடு இருப்பது என்று பொருள்.

1913ல், அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1926ல் மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை முழுக்க விஸ்கான்சின் மாநிலத்தைச் சுற்றித்தான்.

பகலில் இயற்பியல், மற்ற நேரத்தில் செஸ். 1930களில் மில்வாக்கியின் பலமான ஆட்டக்காரர் அவர்தான். விஸ்கான்சின் மாநில சாம்பியன் பட்டத்தை 8 முறை வென்றார். உலக சாம்பியன் ரேஞ்ச் இல்லை. ஆனால் நல்ல ஆட்டம் எது, ரொம்ப நல்ல ஆட்டம் எது என்று பலகைக்கு எதிரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் அளவுக்குத் திறமை இருந்தது. 1957ல் மில்வாக்கியில் நடந்த ஒரு தொடரில் 14 வயதுப் பையன் ஒருவனிடம் தோற்றார். அந்தப் பையன் பெயர் பாபி ஃபிஷர். இவர்கள் இருவரையும் இந்தக் கதையில் மறுபடி சேர்த்துப் பார்ப்போம்.

ஆடுவதோடு நிற்காமல் செஸ் அமைப்புகளை நடத்தும் வேலையிலும் இறங்கினார். 1939ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பு உருவானபோது அதற்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான், 20 ஆண்டுகள் கழித்து ரேட்டிங் முறையில் சண்டை வந்தபோது, அதைச் சரிசெய்யச் சொல்லி அவரைத் தேடி வந்தார்கள்.

அதற்கு முன் ரேட்டிங் எப்படி இருந்தது?

அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1950 முதல் கென்னத் ஹார்க்னஸ் என்பவர் அமைத்த முறையைப் பயன்படுத்தியது. அது கைக்கணக்குக்கு ரொம்ப ஈஸி. ஒரு தொடரில் உங்கள் எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி புள்ளி எடுத்தால் அந்தச் சராசரிதான் உங்கள் எண். பாதிக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 கூட்டணும், கீழே போனால் 10 கழிக்கணும். அவ்வளவுதான்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஓட்டை பெரிது. உங்கள் ரேட்டிங் 1,400 என்று வையுங்கள். சராசரி 2,000 ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்கள் இருக்கும் தொடரில் கலந்துகொண்டு, எல்லா ஆட்டத்திலும் தோற்கிறீர்கள். 50 சதவீதத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கியதால் 500 கழியும். அந்தத் தொடருக்கு உங்கள் எண் 1,500! ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல், உள்ளே வந்தபோது இருந்ததைவிட அதிகம்.

இப்படிப்பட்ட விநோதங்களால் புகார்கள் குவிந்தன. 1959ல் கூட்டமைப்பு ஒரு குழு அமைத்து அதற்கு எலோவைத் தலைவராக்கியது. அப்போது அவருக்கு வயது 56.

எலோ என்ன மாற்றினார்?

பழைய முறைகள் ரேட்டிங்கைப் பரிசு மாதிரி பார்த்தன. ஜெயித்தாயா, இந்தா இவ்வளவு. பெரிய ஆளை ஜெயித்தாயா, இந்தா இன்னும் கொஞ்சம். எலோ இதை இயற்பியல்காரர் கண்ணால் பார்த்தார். ஒரு ஆட்டக்காரரின் திறமை நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு அளவு. நமக்குக் கிடைப்பது அதன் அடையாளங்கள் மட்டும், அதாவது வெற்றி, தோல்வி, டிரா. சோதனைக்கூடத்தில் ஒரு கருவி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுபட்ட அளவைக் காட்டும், நாம் அதிலிருந்து உண்மையான அளவை மதிப்பிடுவோம் இல்லையா, அதே வேலைதான்.

அவருடைய அனுமானம் இது. ஒவ்வொருவருக்கும் ஒரு சராசரி ஆட்டம் உண்டு. சில நாள் அதைவிட நன்றாக ஆடுவார், சில நாள் சொதப்புவார். நல்ல நாளும் கெட்ட நாளும் சராசரியைச் சுற்றி மணி வடிவத்தில் பரவியிருக்கும். இரண்டு பேரின் சராசரிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரிந்தால், யார் எவ்வளவு அடிக்கடி ஜெயிப்பார் என்று சொல்லிவிடலாம்.

இதைத்தான் ரேட்டிங் வித்தியாசமாக மாற்றினார். இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஆளுக்கு 50 சதவீதம். 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் சுமார் 91. ரேட்டிங் தனியாக எதையும் சொல்வதில்லை. இரண்டு ரேட்டிங்குக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் பேசுகிறது.

அடுத்தது கணக்கின் இதயம். மேட்ச் முடிந்ததும் ஒரே கேள்விதான்: எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்?

உதாரணம் பார்ப்போம். உங்களுக்கு 1,600, எதிராளிக்கு 1,800. உங்களிடம் எதிர்பார்ப்பு 0.24 புள்ளி மட்டுமே. நீங்கள் ஜெயித்துவிட்டால் கிடைத்தது 1. எதிர்பார்ப்பைவிட 0.76 அதிகம். இதை ஒரு எண்ணால் பெருக்கணும். அந்த எண்ணுக்கு கே ஃபேக்டர் என்று பெயர். அது 20 என்றால் உங்களுக்கு சுமார் 15 புள்ளி ஏறும். தோற்றால்? எதிர்பார்ப்பே குறைவு என்பதால் சுமார் 5 புள்ளிதான் இறங்கும். டிரா செய்தாலே 5 புள்ளி ஏறும். அதே அளவு எதிராளியிடமிருந்து கழியும்.

கே ஃபேக்டர் என்பது நேற்று நடந்ததை எவ்வளவு நம்புவது என்பதற்கான திருகு. அதிகமாக வைத்தால் ரேட்டிங் வேகமாக மாறும். ஒரு அதிர்ஷ்ட வெற்றிகூட மேலே தூக்கிவிடும். குறைவாக வைத்தால் நிலையாக இருக்கும். ஆனால் வேகமாக வளரும் ஆளைக் கண்டுபிடிக்க லேட் ஆகும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இன்று புதியவர்களுக்கு 40, 2,400ஐத் தொட்டவர்களுக்கு 10, நடுவில் இருப்பவர்களுக்கு 20 என்று வைத்திருக்கிறது.

தனக்கு முன்னால் யாருமே இப்படி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் கணக்கை ஜெர்மன் கணிதவியலாளர் செர்மெலோ 1929லேயே செஸ்ஸுக்காக எழுதினார். எலோ செய்தது, பேப்பரும் பேனாவும் இருந்தால் ஒரு கிளப் செயலாளர்கூடப் போடக்கூடிய கணக்காக அதை ஆக்கியது. ஆட்டக்காரர்கள் பழகிய எண்களைக் கலைக்காமல், பழைய அளவுகோலோடு ஒட்டியே புதியதை வைத்தார். அதனால்தான் அது நிலைத்தது.

உலகம் எப்போது நம்பியது?

1960ல் அமெரிக்கக் கூட்டமைப்பு எலோ முறையை ஏற்றது. 1970ல் ஃபிடே ஏற்றது. இதற்கு அடுத்த இரண்டே ஆண்டில் உலகம் முழுக்கப் பார்த்த ஒரு சோதனை வந்தது.

1972, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கும், மில்வாக்கியில் எலோவைத் தோற்கடித்த அந்தப் பையன் பாபி ஃபிஷருக்கும் பட்டத்துக்கான ஆட்டம். நேருக்கு நேர் கணக்கைப் பார்த்தால் ஸ்பாஸ்கிதான் ராஜா. அதுவரை இருவரும் ஆடியதில் ஸ்பாஸ்கி 3 முறை ஜெயித்திருந்தார், 2 டிரா, ஃபிஷர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

எலோவின் பட்டியல் வேறு கதை சொன்னது. ஃபிஷர் 2,785. ஸ்பாஸ்கி 2,660. வித்தியாசம் 125. அந்த இடைவெளிக்கு ஃபிஷர் சுமார் 67 சதவீதப் புள்ளி எடுக்கணும். ஃபிஷர் முதல் ஆட்டத்தில் தோற்றார், இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலேயே புள்ளியை இழந்தார். இருந்தும் கடைசியில் 12.5க்கு 8.5 என்று பட்டத்தை வென்றார். பலகையில் உண்மையாக ஆடிய 20 ஆட்டங்களை மட்டும் எடுத்தால் அவர் பங்கு 62.5 சதவீதம்.

ஒரே ஒரு தொடரை வைத்து ஒரு முறையை நிரூபிக்க முடியாது. ஆனால் ஐந்து நேரடி ஆட்டங்கள் சொன்னதைவிட, மற்றவர்களோடு ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் நிஜத்துக்குப் பக்கத்தில் இருந்தன. இன்று ஒரு அணி இன்னொரு அணியோடு ஆடியதே இல்லை என்றாலும் இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்க முடிவது இதனால்தான்.

ஒரே ஆளின் கையில் உலக ரேட்டிங்

நம்ப கஷ்டமாக இருக்கும், ஆனால் 1980களின் நடுப்பகுதி வரை ஃபிடேவின் ரேட்டிங் கணக்குகளை எலோ தானே போட்டார். அப்போது பட்டியலில் இருந்தவர்கள் 2,000க்கும் குறைவு என்பதால் அது சாத்தியமானது. அவர் பட்டியலுக்கு வெளியே இருந்தது வேறு அரசியல். பனிப்போர் காலம். யார் பலமானவர் என்று சொல்வது சோவியத் அதிகாரிகளோ அமெரிக்கப் பத்திரிகைகளோ இல்லை, முடிவுகளின் கணக்கு என்ற நிலை வந்தது. வேறு நாட்டில் யாருக்கும் தெரியாத ஒரு இளைஞர்கூட நல்ல முடிவுகளைக் காட்டினால் எண்ணாகத் தெரிய ஆரம்பித்தார்.

1978ல் தன் முறையை முழுசாக விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். அதில் பழைய மேதைகளுக்கும் கணக்கு போட்டுப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டின் பால் மார்ஃபிக்கு 2,690, கபாபிளாங்காவுக்கு 2,725 என்று வந்தது. எல்லாக் காலத்திலும் யார் பெரியவர் என்ற டீக்கடை விவாதத்துக்கு முதல்முறையாக எண்கள் கிடைத்தன. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரேட்டிங் என்பது ஒரு கூட்டத்துக்குள் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டுமே. கூட்டமே மாறிவிட்டால் 1860ன் 2,690ம் இன்றைய 2,690ம் ஒன்றில்லை.

எண் எப்போது வாழ்க்கையைத் தீர்மானிக்க ஆரம்பித்தது?

கிராண்ட்மாஸ்டர் ஆக 2,500 ரேட்டிங்கைத் தொடணும். பெரிய தொடருக்கு அழைப்பு, ஸ்பான்சர், பயிற்சியாளர் எல்லாமே அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான். அளக்க வந்த கருவி மெதுவாக ஆளின் மதிப்பாக மாறியது.

எலோவுக்கு இது பிடிக்கவில்லை. இளம் ஆட்டக்காரர்கள் குதிரைப் பந்தயத்துக்கு அடிமையானவர்கள் மாதிரி, ஆட்டத்தைவிட ரேட்டிங்கையே துரத்துகிறார்கள் என்றும், தான் ஒரு ஃபிராங்கன்ஸ்டீன் அரக்கனை உருவாக்கிவிட்டதாகச் சில நேரம் தோன்றுகிறது என்றும் அவர் வருத்தப்பட்டது உண்டு. தன் அளவு துல்லியமானது என்று அவர் ஒருபோதும் பெருமையடித்ததில்லை. தண்ணீரில் மேலும் கீழும் ஆடும் தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதோடு இந்த வேலையை ஒப்பிட்டார்.

அந்த எண் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு 1987ல் ஒரு சம்பவம். ஹங்கேரியின் சூசன் போல்கர் அப்போது 17 வயதுப் பெண். பெண்கள் தரவரிசையில் முதல் இடத்தில் இருந்தார். பெண்கள் பெரும்பாலும் பெண்களுக்கான தொடர்களிலேயே ஆடுவதால் அவர்கள் ரேட்டிங் ஆண்களோடு ஒப்பிடும்போது குறைவாக இருக்கிறது என்று ஃபிடே முடிவு செய்தது. ஜனவரி 1987 பட்டியலில் ஆடிக்கொண்டிருந்த எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டியது, போல்கரைத் தவிர. அவர் ஆண்களோடு ஆடித்தான் ரேட்டிங் எடுத்தார், எனவே அவருக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை என்பது வாதம். ஒரு ஆட்டம்கூட ஆடாமல், ஒரே ராத்திரியில் அவர் முதல் இடத்தை இழந்தார். சோவியத்தின் மாயா சிபுர்தானித்ஸே மேலே போனார்.

அந்த முடிவு நியாயமா என்பது தனி விவாதம். அதற்கு அடியில் இருந்த கணக்குப் பிரச்சினை நிஜம். இரண்டு கூட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஆடாமல் தனித்தனியாகவே ஆடினால், அங்கே இருக்கும் 2,400ம் இங்கே இருக்கும் 2,400ம் ஒரே அளவு என்று சொல்ல முடியாது. இதே பிரச்சினைதான் இன்று ஈ-ஸ்போர்ட்ஸ் லீக்குகளின் தலைவலி.

1988ல் எலோ அமெரிக்க செஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 1992 நவம்பர் 5 அன்று, 89 வயதில், விஸ்கான்சினின் புரூக்ஃபீல்டில் காலமானார். ஆன்லைன் ரேங்க் மேட்ச் என்ற உலகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கேமிங்குக்கு எப்படி வந்தது?

ஆன்லைன் கேமுக்கு ஒரு பெரிய தேவை இருந்தது. முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேரில் யாரை யாரோடு ஆடவிடுவது? ரொம்பச் சுலபமான எதிராளி கொடுத்தால் போர் அடிக்கும், ரொம்பக் கஷ்டமானவரைக் கொடுத்தால் ஆப்பை அழித்துவிடுவார்கள். இதற்கு ரெடியாக இருந்த தீர்வு எலோ. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தன் முதல் இரண்டு சீசன்களில் எலோ எண்ணையே ஆட்டக்காரர்களுக்குக் காட்டியது. 2013ல் அதை மறைத்துவிட்டு, பிரான்ஸ், சில்வர், கோல்ட் என்று படிநிலைகளை முன்னால் வைத்தது.

முதலில் கேட்ட கேள்விக்கு பதில் இங்கேதான். இப்போது பல கேம்களில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று நீங்கள் பார்க்கும் ரேங்க். இன்னொன்று உள்ளே மறைந்திருக்கும் நிஜ மதிப்பீடு. நீங்கள் நிற்கும் ரேங்கைவிட மறைந்த எண் கீழே இருந்தால், கேம் உங்களை மெதுவாக அங்கே இழுக்கும். ஜெயித்தால் 12, தோற்றால் 18. மறைந்த எண் மேலே இருந்தால் இதுவே தலைகீழாகும்.

செஸ் தாண்டி வந்தபோது எலோ முறையில் மூன்று பெரிய சிக்கல்கள் தெரிந்தன.

முதல் சிக்கல்: புது ஆள் யார்? நேற்று அக்கவுன்ட் தொடங்கியவருக்கும், 1,000 மேட்ச் ஆடியவருக்கும் ஒரே 1,500 என்றால் இரண்டையும் ஒரே மாதிரி நம்பலாமா? 1995ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் இதற்கு கிளிக்கோ முறையை உருவாக்கினார். ரேட்டிங்கோடு, அது எவ்வளவு நிச்சயமில்லாதது என்ற இன்னொரு எண்ணும் சேரும். புதியவருக்கு அது அதிகம், அதனால் ரேட்டிங் வேகமாக நகரும். தொடர்ந்து ஆடினால் குறையும். ஆறு மாதம் ஆடாமல் விட்டால் மறுபடி கூடும். இன்று லிசெஸ், செஸ்.காம் இரண்டும் இந்தக் குடும்பத்து முறைகளைத்தான் பயன்படுத்துகின்றன.

இரண்டாவது சிக்கல்: அணி. எலோ கணக்கில் இரண்டு பேர்தான். ஐந்து பேர் கூடி ஆடி ஜெயித்தால் புள்ளி யாருக்கு? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2005ல் எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக ட்ரூஸ்கில் என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பீடு. அணியின் பலம் என்பது உள்ளே இருப்பவர்களின் மதிப்பீடுகளின் கூட்டல். மேட்ச் முடிந்ததும் மாற்றம் ஒவ்வொருவருக்கும் அவரவர் நிச்சயமின்மைக்கு ஏற்பப் பிரியும். புதியவரின் எண் நிறைய நகரும், பழையவரின் எண் கொஞ்சம்தான்.

மூன்றாவது சிக்கல்: ஒரே நேரத்தில் பல அணிகள். பிஜிஎம்ஐ மாதிரி பேட்டில் ராயல் கேமில் பல அணிகள் ஒரே மேப்பில் இறங்கும். அங்கே வெற்றி, தோல்வி என்று இரண்டு பதில் மட்டும் இல்லை. ட்ரூஸ்கில் கடைசியில் யார் எந்த இடத்தில் முடித்தார் என்ற வரிசையையே எடுத்துக்கொள்ளும். தொழில்முறைத் தொடர்களில் பெரும்பாலும் இதைவிட எளிதாக, பிடித்த இடத்துக்கு இவ்வளவு, கில்லுக்கு இவ்வளவு என்று புள்ளி கூட்டுகிறார்கள். அது தொடரின் ஸ்கோர். திறமையின் மதிப்பீடு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லீக்கில் அணிகளை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள்?

பெரிய லீக்குகளில் பொதுவாக முழு அணியையும் ஒரே ஆட்டக்காரர் மாதிரி வைத்துக் கணக்கு போடுகிறார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் நல்ல உதாரணம். 2025 முதல் பெரிய தொடர்களுக்கான அழைப்பு, அந்த கேமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தரவரிசைப்படியோ திறந்த தகுதிச் சுற்று வழியாகவோதான் போக வேண்டும் என்று விதி வந்தது. அந்தத் தரவரிசை அணிகள் வென்ற பரிசுத் தொகை, ஜெயித்த எதிரணிகளின் தரம் போன்றவற்றை வைத்து ஒரு தொடக்க எண் தருகிறது. பிறகு நேருக்கு நேர் முடிவுகளை வைத்து, எலோ-கிளிக்கோ வழியில் அதை ஏற்றி இறக்குகிறது. கணக்கின் கோடையும் வெளியிட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு இடம் கீழே போனால் என்ன ஆகும்? அழைப்பு இல்லை. அழைப்பு இல்லை என்றால் பெரிய அணிகளோடு ஆட வாய்ப்பில்லை. ஆடாமல் ரேட்டிங் ஏறாது. ஐந்து பேரின் சம்பளம் அந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் கணக்கில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அணிகள் பதறுகின்றன.

இதில் இன்னும் தீராத கேள்விகள் சில.

ஆள் மாறினால் அணி அதேதானா? ஐந்தில் இரண்டு பேர் போனால் பழைய ரேட்டிங் செல்லுமா? செஸ்ஸில் இந்தக் கேள்வியே கிடையாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் மூன்று பேர் தொடர்ந்தால் அது அதே அணி என்று கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் போனவர் அணியின் மூளையாக இருந்தால் அந்த எண் கொஞ்ச நாள் பொய்தான் சொல்லும்.

தனித்தீவு பிரச்சினை. ஒரு மண்டல லீக்கில் அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றன. அங்கே முதல் அணி எல்லோரையும் அடித்து மேலே போகும். ஆனால் அந்த மண்டலமே பலவீனமா என்பது, ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும் சர்வதேசத் தொடரில்தான் தெரியும். சூசன் போல்கர் விஷயத்தில் பார்த்த அதே சிக்கல்.

கல், காகிதம், கத்தரி. ஏ அணி பி-யை அடிக்கும், பி அணி சி-யை அடிக்கும், சி அணி ஏ-யை அடிக்கும். ஆட்டப் பாணி முக்கியமான கேம்களில் இது நடக்கும். ஒரே எண்ணால் வரிசைப்படுத்தும் எந்த முறையாலும் இதைக் காட்ட முடியாது.

செஸ்ஸுக்கு வெளியே வேறு எங்கே?

ஃபிஃபாவின் பழைய ஆண்கள் கால்பந்து தரவரிசை சராசரி முறையில் ஓடியது. நட்பு ஆட்டத்துக்கு மதிப்பு குறைவு என்பதால், அதை ஆடினாலே சராசரி இறங்கும். போலந்து நட்பு ஆட்டங்களைத் தவிர்த்து, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் முதல் பிரிவில் இடம் பிடித்தது. ஹார்க்னஸ் முறையில் பார்த்த அதே வகை ஓட்டை. 2018 ஆகஸ்டில் ஃபிஃபா எலோ வழி முறைக்கு மாறியது. பெண்கள் கால்பந்துக்கு 2003லேயே மாறியிருந்தது.

டேட்டிங் ஆப்பான டிண்டரும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மதிப்பெண்ணை உள்ளுக்குள் பயன்படுத்தி, 2019ல் அதை விட்டுவிட்டதாகச் சொன்னது. ஏஐ சாட்பாட்களை ஒப்பிட 2023ல் வந்த சாட்பாட் அரீனா தொடங்கியதும் எலோ முறையில்தான்.

செஸ்ஸில் அந்தப் பழைய கணக்குக்கு இப்போதும் பராமரிப்பு நடக்கிறது. வேகமாக வளரும் சிறுவர்கள் குறைந்த ரேட்டிங்கோடு வந்து பெரியவர்களிடமிருந்து புள்ளிகளை எடுத்ததால், கீழ்மட்டத்தில் எண்கள் வற்றிப்போயின. 2024 மார்ச்சில் ஃபிடே 2,000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2,000ஐத் தொட எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தை ஒரே ஒரு முறை கூட்டியது. 1,500 வைத்திருந்தவர் 1,700 ஆனார். அன்று காலை அவர் ஆட்டம் கொஞ்சமும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

சரி, உங்கள் ரேங்கை எப்படிப் பார்க்கணும்?

ஒரு மேட்ச்சை வைத்துப் பார்க்காதீர்கள். எலோவின் கணக்கே நல்ல நாளும் கெட்ட நாளும் உண்டு என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. நான்கு மேட்ச் தொடர்ந்து தோற்று 60 புள்ளி போனால், திறமை ஒரே ராத்திரியில் குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஐம்பது, அறுபது மேட்ச்சுக்கு நடுவே எண் எங்கே நிலைக்கிறது என்பதுதான் சேதி.

இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடும்போது, இருவரும் ஒரே கூட்டத்தில் ஆடுகிறீர்களா என்று பாருங்கள். வேறு சர்வர், வேறு மோட், வேறு கேம் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. நண்பர்களோடு ஸ்குவாடாக ஏறிய ரேங்க், தனியாக ஆடும்போது உங்களைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

ரேங்க் போய்விடும் என்று பயந்து ஆடாமல் விடுவது இன்னொரு பழக்கம். செஸ்ஸில் பல ஆட்டக்காரர்கள் ரேட்டிங்கைக் காப்பாற்றத் தொடர்களைத் தவிர்ப்பது உண்டு. நீங்கள் ஆட ஆடத்தான் அந்த எண் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். இறங்கினால் அது தண்டனை இல்லை. உங்களுக்கு ஏற்ற எதிராளியை நோக்கி கேம் உங்களை நகர்த்துகிறது, அவ்வளவுதான். எலோ 1959ல் பழைய முறையிலிருந்து எடுத்து எறிந்ததே இந்தப் பரிசு, தண்டனை என்ற யோசனையைத்தான். நாம்தான் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்திருக்கிறோம்.